எள்ளலும் உறவாகும்
மேற்கு ஆபிரிக்க வாழ்வில் நகைச்சுவை பெறும் இடம்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதற்கண் வைத்த தொல்காப்பியர், அந்நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலாகக் கூறினார். எள்ளல் நகையைப் பிறப்பிக்கும். பெரும்பாலும் அதனோடு பகையையும் பிறப்பிக்கும். ஆதலின் பிறரை எள்ளாமை நன்மக்கட்குரிய ஒழுக்கம் என்பது பல நாட்டுச் சான்றோர்க்கும் உடன்பாடு. ஆயின் மேற்கு ஆபிரிக்காவிலே, எள்ளுதலைக் கடமையாகவும், எள்ளப்பட்டவன் சினத்தலைக் குற்றமாகவும் கொண்ட சமுதாயங்கள் பல உள. அவர்தம் வாழ்வில் நகைச்சுவை வெறும் பொழுதுபோக்கன்று. பகை தணித்தல், வலியாரை இடித்துரைத்தல், இல்லறப் பூசலை நாகரிகமாக வெளியிடுதல், சாவை எதிர்கொள்ளுதல் ஆகிய அரும்பணிகள் பலவற்றை அவர்கள் அதனிடம் ஒப்படைத்துள்ளனர். அவற்றுட் சிலவற்றை ஈண்டு நோக்குவாம்.

மாலி நாட்டின் சந்தையொன்றிலே, முன்பின் அறியாத இருவர் சந்திக்கின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் தம் குலப்பெயர் கூலிபாலி என்கிறார். மற்றவர் உடனே, “ஐயோ, அவரைக்கொட்டை தின்னியா நீ!” என்று கூவி நகைக்கிறார். அவரை தின்னுதல் பெருந்தீனியையும், அதனால் வரும் வயிற்று வாயுவையும் சுட்டும் வசை. கூலிபாலியும் சளைப்பதில்லை. “நீதான் அவரை தின்னி, அன்றியும் நீ என் அடிமை” என்று திருப்பிக் கொடுக்கிறார். சூழ நின்றோர் சிரிக்கின்றனர். சிறிது நேரத்தில் இருவரும் நலம் உசாவி, பேரம் பேசி, விலை குறைத்துப் பண்டம் மாற்றிக்கொள்கின்றனர். ஒருவர் பொலிசுக்காரரும் மற்றவர் வண்டியோட்டியுமாக இருப்பினும் நிகழ்வது இதுவே. பதவியும் வயதும் இவ்வெள்ளலுக்குத் தடையாகா.

இவ்வழக்கிற்கு மாண்டே மொழிகளில் ‘சனங்குயா’ என்று பெயர். நாம் இதனைக் கேலியுறவு எனலாம். யார் யாரைக் கேலி செய்யலாம் என்பது அவரவர் விருப்பிற்கு விடப்படவில்லை. திராவோரே குலத்தார்க்கு தியாரா குலத்தாரும், கெயித்தா குலத்தார்க்குக் கூலிபாலி குலத்தாரும் கேலியுறவினர். செனகலிலே நிதியாய் குலத்தாரும் தியோப் குலத்தாரும் அவ்வாறே. குலங்களிடையே மட்டுமன்றி, இனங்களிடையேயும் இவ்வுறவு உண்டு. பாறைச் சரிவுகளில் வாழும் தோகோன் உழவரும், நைஜர் ஆற்றில் மீன்பிடிக்கும் போசோ மக்களும் கண்டவிடத்தெல்லாம் ஒருவரையொருவர் வைது நகைப்பர்; ஆயின் ஒருவர்க்கொருவர் பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லை. பிரெஞ்சு மானிடவியலறிஞர் மார்செல் கிரியோல் 1948ஆம் ஆண்டில் இவ்வுறவைப் பற்றி எழுதியபோது, இவ்வசைமொழி உள்ளத்து அழுக்கைக் கழுவும் பணியைச் செய்கிறது என்று விளக்கினார்.

இதன் தோற்றத்தைப் பற்றிப் பாணர் வழிவந்த மரபுரை ஒன்றுண்டு. 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தா, போர் முடிந்தபின் குருக்கான் பூகா என்னுமிடத்தில் குலத்தலைவர்களைக் கூட்டி நாட்டிற்கு நெறிமுறை வகுத்தான் என்றும், அந்நெறிகளுள் இக்கேலியுறவும் ஒன்றென்றும் அம்மரபு கூறும். வென்றோரும் தோற்றோரும் ஒரே நாட்டில் வாழ வேண்டிய நிலையில், மனத்துள் கனலும் பகைக்கு நகைப்பின் வழியாக ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டனர் போலும். செனகலின் செரேர், ஜோலா ஆகிய இரு இனத்தாரும் கூறும் கதை வேறு. அகேன், ஜம்போன் என்னும் உடன்பிறந்த மகளிர் இருவர் தோணியிற் சென்றபோது புயலில் தோணி இரண்டாகப் பிளந்தது. ஒருத்தி வடக்கே ஒதுங்கிச் செரேர் மக்களுக்கும், மற்றவள் தெற்கே ஒதுங்கி ஜோலா மக்களுக்கும் தாயானாள் என்பர். அதனால் இன்றும் அவ்விரு இனத்தாரும் உடன்பிறந்தார் போல உரிமையோடு ஏசிக்கொள்கின்றனர்.

மைத்துனர் முறையார் ஒருவரையொருவர் கேலி செய்தல் நமக்குப் புதிதன்று. திருமணத்தால் இரு குடும்பங்கள் நெருங்கும்போது, அந்நெருக்கத்திற் பூசல் விளையும் வாய்ப்பும் உடன் வருகிறது. அப்பூசலை விலக்க இருவழிகள் உள. ஒன்று, மாமியார்முன் மருமகன் ஒதுங்கி நிற்றல் போன்ற மிகு மரியாதை. மற்றொன்று, மைத்துனனோடு ஆடும் கேலி. பிரித்தானிய அறிஞர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இக்கருத்தைத் தெளிவுறுத்தினார். மேற்கு ஆபிரிக்கர் செய்த புதுமை, ஒரு குடும்பத்தின் எல்லைக்குட்பட்ட இம்முறையைக் குலங்கட்கும் இனங்கட்கும் விரித்தமையே. கேலியுறவினர் நடுவராக வந்து சமாதானம் வேண்டின் அதனை மறுத்தல் தகாது என்பதும் அவர்தம் வழக்கு. நைஜர் நாட்டின் கேலியுறவு மரபுகளை யுனெஸ்கோ நிறுவனம் 2014ஆம் ஆண்டில் மானுடத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

குலத்தவரை எள்ளுதற்குக் கேலியுறவு இடந்தந்தது. தலைவரை எள்ளுதற்கு இடந்தந்தது யாது? கானா நாட்டின் அக்கான் மக்களிடையே அப்பணியைச் செய்வது ஒரு சிலந்தி. குவாக்கு அனான்சி என்பது அதன் பெயர். பிறந்த கிழமையால் மக்கட்குப் பெயரிடும் அவ்வினத்தார், புதன்கிழமைப் பிறந்த ஆண்மகனுக்குரிய குவாக்கு என்ற பெயரைச் சிலந்திக்கும் இட்டு அதனைத் தம்முள் ஒருவனாக்கிக்கொண்டனர். ஒருமுறை அனான்சி உலகத்து அறிவனைத்தையும் ஒரு குடத்திலே திரட்டி, பிறர்க்கு எட்டாதவாறு மரவுச்சியில் மறைக்க எண்ணியது. குடத்தை வயிற்றின்முன் கட்டிக்கொண்டமையால் மரமேற இயலாது திணறியது. கீழே நின்ற சிறுமகன், “தந்தையே, குடத்தை முதுகிற் கட்டலாகாதா?” என்றான். உலகத்து அறிவெல்லாம் தன்னிடம் இருக்க, இச்சிறிய அறிவு மகனிடம் எஞ்சியிருத்தல் கண்டு வெகுண்ட அனான்சி குடத்தை நழுவவிட்டது. அறிவு சிதறி எல்லார்க்கும் சிறிது சிறிது கிடைத்தது.

இக்கதைகளை 1930ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்ட ராட்ரே என்பார், கதை தொடங்குமுன் ‘இது மெய்யன்று’ என்று கதைசொல்வோர் அறிவித்துவிடுதலைக் குறிப்பிடுகிறார். அவ்வறிவிப்பின் காவலிலே தெய்வங்களையும் தலைவர்களையும் நகையாடும் உரிமை எளியோர்க்குக் கிட்டியது. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆபிரிக்கருடன் அச்சிலந்தியும் யமேக்காவை அடைந்தது. உடைமை யாவும் இழந்தோர் தம் நாவிலே சுமந்து சென்ற செல்வம் அது. வலியாரைச் சூழ்ச்சியால் வெல்லும் சிற்றுயிரின் கதை, கரும்புத் தோட்டத்து அடிமைக்கு எத்துணை ஆறுதலாயிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

இனி இல்லறத்திற்கு வருவோம். மேற்கு ஆபிரிக்க மகளிர் உடுக்கும் வண்ணத்துணிகள் யாவை, அவை எங்கிருந்து வந்தன என வினவின் விடை வியப்பளிக்கும். யாவாத் தீவின் மெழுகுச்சாயத் துணியைப் பொறியினாற் போலிசெய்ய முற்பட்ட ஒல்லாந்தரின் ஆலைத்துணிகளே அவை. இவ்வணிகத்திற் பெயர்பெற்ற விலிஸ்கோ நிறுவனம் 1846ஆம் ஆண்டு ஒல்லாந்தின் ஹெல்மொண்ட் நகரில் தோன்றியது. நெய்தோர் ஒல்லாந்தராயினும், துணிகட்கு உயிரூட்டிய பெயர்கள் பல ஆபிரிக்கச் சந்தை மகளிர் வைத்தவை. கூட்டினின்று பறவை பறந்து வெளியேறும் ஓவியமுள்ள துணிக்கு ‘நீ வெளியே போனால் நானும் போவேன்’ என்று பெயர். ‘என் சக்களத்தியின் கண்’ என்பது மற்றொன்று. ‘என் கணவர் வல்லவர்’ என்பது விலையுயர்ந்த துணி. அதனை வாங்கித்தர வல்லவரே அப்பெயர்க்குரியவர் என்பது சொல்லாமற் புலனாகும். ஊர்சுற்றும் கணவனிடம் மனைவி வாய்திறந்து பூசலிடல் வேண்டியதில்லை. உரிய துணியை உடுத்து முற்றத்தில் நடந்தாற் போதும்; அயலார் நகைப்பர், கணவன் உணர்வான். இத்துணி வாணிகத்தாற் செல்வம் பெருக்கிய தோகோ நாட்டு மகளிர், தாம் ஊர்ந்த மெர்சிடிஸ் பென்ஸ் கார்களால் ‘நானா பென்ஸ்’ என்று அழைக்கப்பட்டனர்.

நகை புகாத இடம் இழவு வீடு என்பது நம் எண்ணம். ஆங்கும் அது புகுந்துள்ளது. புர்க்கினா பாசோவின் மோசி மக்களிடையே, இறந்தவரின் கேலியுறவினர் ஈமச்சடங்கிற்கு வந்து, இறந்தவர் போல நடித்தும், புதைகுழியை மறித்துக் காசு கேட்டும் குறும்பு செய்வர். அழுதுகொண்டிருப்போர் தம்மையறியாது சிரித்துவிடுவர். கானாவின் தலைநகர் அக்கிராவை அடுத்த தெஷியிலோ, சவப்பெட்டியே நகைப்பையும் வியப்பையும் ஒருங்கே தரும். அங்குள்ள கா இனத்துத் தச்சர், மீனவனுக்கு மீன் வடிவிலும், கொக்கோப் பயிரிட்டவனுக்குக் கொக்கோக்காய் வடிவிலும், பல மக்களைப் பெற்ற தாய்க்குக் குஞ்சுகளோடு கூடிய கோழி வடிவிலும் பெட்டி செய்கின்றனர். இக்கலையிற் புகழ்பெற்ற சேத் கேன் குவே, விமானநிலையத்தருகே வாழ்ந்து விமானங்களைக் கண்டு களித்தும் ஒருநாளும் பறந்திராத தம் பாட்டிக்கு விமானம் போன்ற பெட்டி செய்தார் என்பர். அவர் செய்த பெட்டிகள் 1989ஆம் ஆண்டில் பாரிசு நகரக் கலைக்காட்சியில் இடம்பெற்றன. பல நாள் உழைத்துச் செதுக்கி வண்ணந்தீட்டிய அப்பெட்டி, ஒருநாட் காட்சியின் பின் மண்ணுள் மறைகிறது. மறுமையிலும் தொழிலும் தகுதியும் தொடரும் என நம்புவோர்க்கு, அது வீண்செலவன்று, வழியனுப்பும் மரியாதை.

இந்நகை எல்லாப் பகையையும் ஆற்றவல்லதோ எனின், அன்று என்றே கூறல் வேண்டும். 2012ஆம் ஆண்டு மாலியில் மூண்ட போர், நாட்டின் நடுப்பகுதிக்கும் பரவிற்று. மேய்ச்சல் நிலமும் விளைநிலமும் பற்றிய பழைய பூசல்களோடு துப்பாக்கியும் தீவிரவாதமும் சேர்ந்தன. 2019 மார்ச் 23ஆம் நாள், ஒகோசாகு என்னும் ஃபுலானி ஊரில் 150க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கேலியுறவைச் சட்டமாகப் போற்றிய நாட்டிலேயே இக்கொடுமை நிகழ்ந்தது. எள்ளலுக்கு இருவரும் எதிரெதிர் நின்று பேசல் வேண்டும். தொலைவிலிருந்து சுடுவோனிடம் அது செல்லாது. பசியையும் நிலப்பறிப்பையும் அரசு தீர்க்காதவிடத்து, பாட்டன் வகுத்த கேலி மட்டும் தனித்து நின்று எத்துணைச் சுமையைத் தாங்கும்?

எனினும் அம்மரபின் பெருமை இதனாற் குன்றாது. அயலாரை எள்ளும் இயல்பு மக்கட்கு எங்கும் உண்டு. அதனை முற்றும் அடக்க முயன்ற சமுதாயங்களில் அது மறைவிற் புகைந்து வெறுப்பாக மாறுதலைக் காண்கிறோம். மேற்கு ஆபிரிக்கர் அவ்வியல்பை வெளிப்படையாக ஏற்று, அதற்கு முறையும் எல்லையும் வகுத்து, எள்ளுவோனையும் எள்ளப்படுவோனையும் உறவினராக்கினர். ஓயாது சிரிக்கும் அம்மக்களைச் சிறுபிள்ளைத்தனமுடையோர் என எண்ணிய அயல்நாட்டார் சிலர், அச்சிரிப்பினுள் அமைந்த அரசியலறிவை உணர்ந்திலர். அவரைக்கொட்டை தின்னி என்று ஒருவரையொருவர் ஏசிக்கொள்ள முடியும்வரை, அவ்விருவரும் ஒரே சந்தையிற் பண்டம் மாற்றுவர். ஒருவர் வீட்டு இழவிற்கு மற்றவர் வருவர். ஒரு நாட்டின் அமைதிக்கு இதனினும் உறுதியான அடையாளம் தேடல் அரிது.