தகவல், தொடர்பாடல் பட்டம்: எதைப் பார்த்துத் தெரிவு செய்வது?

களனி கங்கை பெருகும்போது நீர்ப்பாசனத் திணைக்களம் நாகலகம் வீதி அளவுகோலின் நீர்மட்டத்தை வெளியிடும். கொழும்பில் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில்தான் அந்த அளவுகோல். 5 அடி என்றால் சிறுவெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். 2016 மே மாதத்தில் நீர்மட்டம் 7 அடியையும் தாண்டியது. ஆற்றோரத்துக் குடும்பத்துக்கு அந்த எண் மட்டும் போதாது. தண்ணீர் இன்னும் ஏறுமா, எப்போது வெளிக்கிடுவது, பிள்ளைகளோடு எங்கே போய்த் தங்குவது என்பதையெல்லாம் தமிழில், நேரத்தோடு, பிழையில்லாமல் யாராவது சொல்ல வேண்டும். எண்ணை வாசித்து, சரிபார்த்து, சனத்துக்கு விளங்கும்படி கொண்டுசேர்க்கும் இந்த வேலைக்குத்தான் தகவல், தொடர்பாடல் கற்கை ஒருவரைப் பழக்க வேண்டும். வெள்ளவத்தை வீடுகளில் இந்தப் பட்டத்தைப் பற்றிப் பேசினால் கணினி, இல்லாவிட்டால் தொலைக்காட்சி அறிவிப்பாளர் என்று இரண்டோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால் நல்ல பிள்ளைகள் பிழையான இடத்தில் போய்ச் சேருகிறார்கள்.

பெயர் ஒன்றுபோல் இருந்தாலும், தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பட்டம் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படித்தவர்களுக்கானது. மென்பொருள், வலையமைப்பு என்று அதன் பாதை வேறு. நாம் பேசும் கற்கையைக் களனிப் பல்கலைக்கழகத்தில் வெகுசனத் தொடர்பாடலாகவும், ஹொரணையிலுள்ள ஸ்ரீபாளி வளாகத்தில் வெகுசன ஊடகமாகவும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கையாகவும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கையாகவும் படிக்கலாம். கொழும்பை விட்டு யாழ்ப்பாணத்துக்கோ திருகோணமலைக்கோ பிள்ளையை அனுப்பப் பெற்றோர் தயங்குவது நியாயம்தான். ஆனாலும் தமிழ்ச் சனத்தின் நடுவே இருந்து செய்தி சேகரித்துப் பழகும் வாய்ப்பைத் தூரத்துக்காகக் கைவிடுவது பெரிய இழப்பு.

பத்திரிகைகள் சுருங்குகின்றன, மொழிபெயர்ப்பை இயந்திரமே செய்கிறது, இதைப் படித்து வேலை எங்கே என்று கேட்பார்கள். செய்தி அறையை மட்டும் நம்பினால் அந்தப் பயம் சரியானதே. ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒவ்வொரு பகிரங்க அதிகார சபையிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. இந்தச் சட்டங்கள் பட்டதாரிக்கு நேரே கதிரை போட்டுத் தரவில்லை. ஆனால் ஆவணத்தை ஒழுங்குபடுத்தி மக்களுக்குத் தமிழில் விளக்கத் தெரிந்தவருக்கான தேவையை எழுத்தில் வைத்திருக்கின்றன. வைத்தியசாலை, வங்கி, மாநகர சபை எல்லாவற்றிலும் அந்தத் தேவை கண்ணுக்குத் தெரிகிறது. இயந்திரம் ஒரு நொடியில் தமிழ் வாக்கியம் தரும். 5 அடி 5 மீட்டராக விழுந்தால் அதைப் பிடிக்க அளவுகோலைத் தெரிந்த ஆள் வேண்டும்.

ஆகவே பாடத்திட்டத்தில் புள்ளிவிவரமும் ஊடகச் சட்டமும் ஆவணப் பராமரிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்துச் சிங்களம் கற்பிக்கிறார்களா என்பது இன்னும் முக்கியம். கொழும்புத் தமிழ்ப் பிள்ளை கடைத்தெருவில் சரளமாகச் சிங்களம் பேசும்; அரச சுற்றறிக்கை ஒன்றை வாசித்துச் சுருக்கச் சொன்னால் தடுமாறும். களப்பயிற்சி எங்கே, எத்தனை மாதம் என்று துறையிடமே கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்தை விருப்ப வரிசையில் கீழே போடுங்கள்.