காசோலை திரும்பி வந்தால்: இந்தியச் சட்டம் தரும் வழிகள்

தமிழ்நாட்டின் உள்மாவட்டம் ஒன்றிலுள்ள முகாமில் நாம் சந்தித்த ஒரு குடும்பம் வன்னியில் வயலும் மாடும் வைத்திருந்தது. இடம்பெயர்ந்து போன பின்னர் கூலி வேலையோடு ஆடு வளர்த்துச் சிறிது சிறிதாகத் தலைநிமிர்ந்தார்கள். எட்டு ஆடுகளை 70,000 ரூபாவுக்கு ஒரு வியாபாரிக்கு விற்றார்கள். அவர் 10,000 ரூபாவைக் கையிலே தந்தார். மிகுதி 60,000 ரூபாவுக்கு வீட்டுக்காரியின் பெயரில் ஒரு காசோலை எழுதிக் கொடுத்தார். வங்கியில் போட்டபோது, கணக்கில் போதிய பணமில்லை என்று காசோலை திரும்பி வந்தது. வியாபாரியிடம் போனார்கள். "அடுத்த வாரம் போடுங்க அண்ணாச்சி, கட்டாயம் பாஸ் ஆகும்" என்றார். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று நான்கு மாதங்கள் போயின. கடைசியில் ஒரு வழக்கறிஞரைத் தேடிப் போனபோது, "தவணை முடிந்துவிட்டது, குற்றவியல் வழக்குப் போட முடியாது" என்று சொல்லிவிட்டார்.

இந்தக் குடும்பத்துக்கு நேர்ந்தது பலருக்கும் நேரக்கூடியது. வியாபாரி செய்தது பிழைதான். ஆனால் அந்தப் பிழைக்கு எதிராக வலிமையான ஒரு சட்டம் இந்தியாவில் இருந்தும், நாட்களை எண்ணத் தெரியாமையால் அது அவர்களுக்கு உதவாமற் போயிற்று. தமிழ்நாட்டிலே வாழும் எமது மக்களுக்காகவும், அங்கே உறவினரை வைத்திருக்கும் இங்குள்ள குடும்பங்களுக்காகவும் இதனைச் சற்று விளக்கமாகத் தருகிறோம். இது இந்தியச் சட்டம். இலங்கை வங்கிக் கணக்கின் காசோலைக்கு இந்த நாட்கணக்குப் பொருந்தாது என்பதை முதலிலேயே மனதிற் கொள்ளவும்.

இந்தியாவில் காசோலைகளை ஆளும் சட்டம் 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டமாகும். வழக்கறிஞர்கள் அதனை 'என்.ஐ. அக்ட்' என்பார்கள். வெள்ளைக்காரர் காலத்துச் சட்டமாயினும், காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் 138ஆம் பிரிவு 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே அதில் சேர்க்கப்பட்டது. 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் காசோலை திரும்பினால் பெரும்பாலும் சிவில் வழக்குத்தான். ஏமாற்றும் எண்ணத்தை நிரூபிக்க முடிந்தால் மட்டும் மோசடி வழக்குப் போடலாம். 138ஆம் பிரிவிலோ காசோலை எழுதியவர் ஏமாற்றும் எண்ணத்தோடு எழுதினார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. "பணம் இருக்கும் என்றுதான் நினைத்தேன்" என்று அவர் சொல்வதும் தகுந்த பதிலாகாது. தண்டனை இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் எல்லாக் காசோலைக்கும் இது பொருந்தாது. கொடுக்க வேண்டிய கடனுக்காக அல்லது சட்டப்படியான வேறொரு பொறுப்புக்காக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆடு விற்ற பணம், செய்த வேலைக்குக் கூலி, வாங்கிய கைமாற்று எல்லாம் இதில் அடங்கும். நன்கொடையாக எழுதிய காசோலை அடங்காது. (கோயில் திருவிழாவுக்கு எழுதித் தந்த காசோலை திரும்பினால் மனவருத்தத்தோடு விட்டுவிட வேண்டியதுதான்.)

பணம் போதாமல் திரும்புவது மட்டுமல்ல, கணக்கை மூடிவிட்டுக் காசோலை கொடுத்தாலும், பணம் கொடுக்க வேண்டாம் என்று வங்கிக்கு எழுதி நிறுத்தினாலும் இந்தப் பிரிவு பாயும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கையெழுத்தை வேண்டுமென்றே மாற்றிப் போடுபவரும் தப்ப முடியாது. நிறுத்திய நாளில் கணக்கில் பணம் இருந்தது, நியாயமான காரணத்துக்காகவே நிறுத்தினேன் என்று எழுதியவர் காட்டினால் மட்டும் நிலைமை வேறு.

இனி நாட்கணக்குக்கு வருவோம். ஒருமுறை மெதுவாகப் படித்துவிட்டு, வீட்டிலே நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி படியுங்கள்.

காசோலையில் எழுதப்பட்ட திகதியிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அதனை வங்கியிற் போட வேண்டும். முன்னர் இது ஆறு மாதமாக இருந்தது. 2012 ஏப்ரல் 1 முதல் இந்திய ரிசர்வ் வங்கி அதனை மூன்றாகக் குறைத்தது. பின்திகதியிட்ட காசோலையானால் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்தல்ல, அதில் எழுதியுள்ள நாளிலிருந்தே எண்ண வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். காசோலையின் திகதி ஜூலை 1. அதனை ஜூலை 8இல் வங்கியிற் போடுகிறீர்கள். பணமில்லை என்று, ஜூலை 14ஆம் திகதி வங்கி ஒரு துண்டோடு காசோலையைத் திருப்பித் தருகிறது. அந்தத் துண்டை அங்கே 'ரிட்டர்ன் மெமோ' என்பார்கள். வங்கியின் முத்திரையோடு கூடிய அந்தத் துண்டு, காசோலை திரும்பியதற்கு நீதிமன்றம் ஏற்கும் சான்று. அதனை எறிந்துவிட வேண்டாம். எந்த நாளில் கிடைத்தது என்பதையும் குறித்து வையுங்கள். அந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், அதாவது ஓகஸ்ட் 13க்குள், பணத்தைக் கேட்டு எழுத்தில் ஓர் அறிவித்தல் அனுப்ப வேண்டும். வாயாற் கேட்டதோ, வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்ததோ அறிவித்தலாகாது.

வியாபாரிக்கு அது ஜூலை 24இல் கிடைத்தது என்று வைப்போம். பணத்தைக் கட்ட அவருக்கு 15 நாட்கள் உண்டு. அவை ஓகஸ்ட் 8உடன் முடிகின்றன. அதற்குள் அவர் பணத்தைத் தந்துவிட்டால் குற்றமே இல்லை. தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். நமது கணக்கில், செப்டெம்பர் 8க்கு முன்னரே அது பதிவாகிவிட வேண்டும். ஆத்திரத்தில் 15 நாட்கள் முடியுமுன் ஓடிப்போய்ப் போட்ட முறைப்பாடும் செல்லாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பிந்தினாலும் கேடு, முந்தினாலும் கேடு.

ஒரு மாதத் தவணை தவறினால், தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க இடமுண்டு. அறிவித்தலுக்குரிய 30 நாட்கள் தவறினால் அந்தச் சலுகை இல்லை. ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. காசோலையின் மூன்று மாத ஆயுள் இன்னும் முடியாவிட்டால், அதனை மீண்டும் வங்கியிற் போடலாம். மீண்டும் திரும்பினால் புதிய துண்டு கிடைக்கும். புதிதாக 30 நாட்கள் தொடங்கும். இது செல்லும் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. நாம் முதலிற் சொன்ன குடும்பம் மூன்றாம் மாதம் முடியுமுன் யாரையாவது கேட்டிருந்தால், அவர்களுடைய வழக்கு உயிரோடு இருந்திருக்கும்.

அறிவித்தலை வழக்கறிஞர்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆயினும் அவரைக் கொண்டு எழுதுவிப்பதே நல்லது. காசோலை இலக்கம், திகதி, வங்கி, எதற்காகத் தரப்பட்டது, எப்போது திரும்பியது என்பன அதில் இருக்க வேண்டும். கேட்கும் தொகை காசோலையில் உள்ள தொகையாகவே இருக்கட்டும். வட்டியையும் அலைச்சற் செலவையும் சேர்த்து மொத்தமாக ஒரு தொகையை எழுதிப் பலர் வழக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பதிவுத் தபாலில் அல்லது விரைவுத் தபாலில், சரியான முகவரிக்கு அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரி வாங்க மறுத்து உறை திரும்பி வந்தால் கவலைப்பட வேண்டாம்; உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். சரியான முகவரிக்கு அனுப்பிய அறிவித்தல் சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்பது 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

முறைப்பாட்டை நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் செய்ய வேண்டும். எங்கள் வழக்கில் அது நீதவான் நீதிமன்றம். 138ஆம் பிரிவின் கீழ்ப் பொலிசுக்குப் போய்ப் பயனில்லை. காசோலையின் பெறுநர் தாமே எழுத்தில் முறையிட்டாற்றான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். தொடக்கத்திலேயே ஏமாற்றும் நோக்கம் இருந்ததற்குச் சான்று இருந்தால் மட்டும் மோசடி என்று பொலிசில் முறையிடலாம். அந்தக் குற்றம் முன்பு தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 318ஆம் பிரிவில் இருக்கிறது. எந்த ஊர் நீதிமன்றம் என்பதில் முன்னர் பெரும் குழப்பம் இருந்தது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர், உங்கள் கணக்கிற் போட்ட காசோலைக்கு உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையின் ஊரிலேயே வழக்குப் போடலாம். வியாபாரியின் ஊருக்குப் பேருந்து ஏறி அலைய வேண்டியதில்லை.

காசோலையிலுள்ள கையெழுத்துத் தன்னுடையதே என்று எழுதியவர் ஒப்புக்கொண்டால், கடனுக்காகவே அது தரப்பட்டது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அவருடைய பொறுப்பு. இது பெரிய பலம்தான், ஆனால் அதனை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. எத்தனை ஆடு, என்ன விலை, யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கைமாற்றுக் கொடுத்தவரிடம், "முகாமில் இருக்கும் உனக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிச்சயம் கேட்பார். நகையை அடகு வைத்துக் கொடுத்திருந்தால் அந்த அடகுச் சீட்டுத்தான் உங்கள் பதில். இடையில் வியாபாரி ஒரு பகுதியைக் கட்டினால் அதனைக் காசோலையில் குறிப்பது அவசியம். 60,000 ரூபாவில் 20,000 பெற்ற பின்னரும் முழுத்தொகைக் காசோலையை அப்படியே வங்கியிற் போட்டால், வழக்கு விழுந்துபோகும். "காசோலையைத் தாருங்கள், நாளைக்குப் பணம் தருகிறேன்" என்று கேட்டால் மட்டும் பணம் கைக்கு வருமுன் கொடுத்துவிடாதீர்கள்.

வழக்குப் போட்டதும் பணம் வந்துவிடும் என்று நாம் சொல்லமாட்டோம். ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் 2019 இறுதியில் இந்தியாவெங்கும் 35 இலட்சத்துக்கு மேற்பட்ட காசோலை வழக்குகள் தேங்கிக் கிடந்தன. இந்தத் தாமதத்தைக் கண்டுதான் 2018இல் ஒரு திருத்தம் வந்தது. எதிரி குற்றத்தை மறுத்தால், வழக்கு முடியுமுன்பே காசோலைத் தொகையில் 20 வீதம் வரை இடைக்கால நட்டஈடாகக் கட்டும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். 60,000 ரூபாக் காசோலைக்கு இது 12,000 வரை வரும். இது தானாகக் கிடைப்பதல்ல; மனுப் போட்டுக் கேட்க வேண்டும், கொடுப்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் தீர்மானம்.

வியாபாரி சிறைக்குப் போவதால் ஆட்டுப் பணம் வந்துவிடாது. ஆகையால் எந்தக் கட்டத்திலும் சமாதானமாக முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 'லோக் அதாலத்' எனப்படும் மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டால், அந்த முடிவு சிவில் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றப்படக்கூடியது. தொகையைச் சிறிது குறைத்தாவது கையிற் பணமாகப் பெறுவது, பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறுவதைவிட மேல் என்பது எமது அபிப்பிராயம். தவணையாகத் தருவதாக வேறு காசோலைகளைத் தந்தாரானால், அவை ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன நாட்கணக்கு புதிதாக உண்டு.

138இன் தவணைகள் எல்லாம் தவறிப்போனவர்களுக்குச் சிவில் வழக்கு இருக்கிறது. பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் பணத்தைக் கேட்டு வழக்காடலாம். காசோலை போன்ற எழுத்துச் சான்று இருந்தால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் கட்டளைப்படி சுருக்க முறையில் நடத்தக் கேட்கலாம். அதில் எதிரி அனுமதி பெற்றே எதிர்வாதம் செய்ய முடியும். நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். நாம் சந்தித்த குடும்பத்துக்கு எஞ்சியிருந்தது இந்த வழிதான்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அதிகார அமைப்புகள் சட்டத்தின்படி, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். இன வன்செயலால் பாதிக்கப்பட்டு நலிந்தோரையும் அந்தச் சட்டம் குறிப்பிடுகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இதற்குரிய அலுவலகம் இருக்கும். அந்த 60,000 ரூபாக் காசோலை வீட்டுக்காரியின் பெயரில் இருந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பெறுநர் அவர், முறையிட வேண்டியவரும் அவர், இலவச உதவிக்கு உரியவரும் அவரே.

ஊர் திரும்ப ஆயத்தமாகும் குடும்பங்கள் திரும்பிய காசோலையைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வரவேண்டாம். அங்கே தங்கியிருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு, புறப்படுமுன்னரே அற்றோணித் தத்துவம் எழுதிப் பதிந்து கொடுங்கள். அங்கே அதனைப் 'பவர் பத்திரம்' என்பார்கள். அவர் உங்கள் பெயரில் முறைப்பாடு செய்யலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் சாட்சி சொல்வதானால் அந்தக் கொடுக்கல்வாங்கல் அவருக்கு நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆடு விற்ற அன்று பட்டியடியில் நின்றவர் யாரோ, அவருக்கே எழுதிக் கொடுங்கள்.