சமத்து நாயா, பயந்த நாயா?

புதிதாக வந்த நாய் குரைக்கவில்லை, செருப்பைக் கடிக்கவில்லை. மூலையில் போய் உட்கார்ந்தது, உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். தூக்கி மடியில் வைத்தாலும் அசையவில்லை. பார்க்க வந்த அத்தை, "அடடா, என்ன சமத்து!" என்கிறார்.

அத்தை நினைப்பது சரியில்லை. அந்த நாய் பயத்தில் உறைந்துபோயிருக்கிறது. ஆபத்து என்று மூளை முடிவு செய்துவிட்டால் விலங்குகள் ஓடும், இல்லையென்றால் எதிர்த்து நிற்கும். இரண்டுக்கும் வழியில்லாதபோது அசையாமல் கிடக்கும். கூண்டிலேயே காலம் கழித்த நாய்க்கு ஓட இடம் ஏது? அதனால் அசையாமல் கிடப்பதே அதற்குப் பழகிவிட்டது. உடம்பு அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே கார்ட்டிசால் போன்ற பதற்ற ஹார்மோன்கள் சுரந்துகொண்டே இருக்கும்.

எந்தக் கூண்டு என்று கேட்கிறீர்களா? விற்பதற்காகவே நாய்க்குட்டிகளைக் கூட்டம் கூட்டமாகப் பெருக்கும் பண்ணைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் இவற்றைப் பப்பி மில் என்கிறார்கள். குட்டிகள் கடைக்குப் போய்விடும். அம்மா நாய் மட்டும் அடுத்த ஈற்றுக்காகக் கூண்டிலேயே இருக்கும். அந்தக் கூண்டின் அளவைத் தெரிந்துகொள்ள ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை 24 அங்குலம் நீளமுள்ள நாய் என்று வைத்துக்கொள்வோம். அதோடு 6 அங்குலம் கூட்டினால் 30. பக்கத்துக்கு 30 அங்குலமாக ஒரு சதுரம் வரையுங்கள். குறைந்தது இவ்வளவு தரை இருந்தால் போதும் என்கின்றன அமெரிக்க அரசின் விதிகள். சதுரத்துக்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிப் பாருங்கள், கால் எப்போது மரத்துப்போகிறது என்று தெரியும்.

இப்படிப்பட்ட நாயை மீட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது துள்ளிக் குதிக்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அது ஏன் குதிப்பதில்லை என்பதற்கு ஒரு பழைய ஆய்வு பதில் சொல்கிறது. அமெரிக்காவின் பார் ஹார்பர் என்ற ஊரில் சில விஞ்ஞானிகள் நாய்க்குட்டிகளை உயரமான வேலி போட்ட வயலில் வளர்த்தார்கள். சாப்பாடு வேலியின் துளை வழியாகத்தான் வரும். மனித முகமே கண்ணில் படாது. வெவ்வேறு வயதில் சில குட்டிகளை மட்டும் வெளியே எடுத்து ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டார்கள். 1961-இல் முடிவு வெளியானது. அந்த ஒரு வாரப் பழக்கம் சரியான வயதில் கிடைத்த குட்டிகள் பிறகும் மனிதரை நெருங்கின. 14 வாரம்வரை மனிதரையே காணாத குட்டிகள் காட்டு விலங்குகள் போல விலகி நின்றன.

ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 12 வாரம்வரை நாய்க்குட்டியின் மூளை ஒரு வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்திருக்கிறது. மனிதக் குரல், புல், மாடிப்படி, மழை என அப்போது சந்திப்பதெல்லாம் 'தெரிந்தவை' என்று பதிவாகிவிடும். அதன்பின் வருவதை எல்லாம் மூளை சந்தேகத்தோடுதான் பார்க்கும். பண்ணை நாயின் பதிவேட்டில் கம்பி வலையும் மற்ற நாய்களும் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டு வழவழப்பான டைல்ஸ் தரைகூட அதற்குப் பயம்தான். ஒரு சாக்கையோ பாயையோ விரித்து வையுங்கள்.

பண்ணைகளில் ஈற்றுக்காக வைக்கப்பட்டிருந்த 1,169 நாய்களைச் சாதாரண வீட்டு நாய்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2011-இல் வந்தது. பண்ணை நாய்களுக்குப் பயம் மிக அதிகம். வீட்டுக்குள் அசுத்தம் செய்வதும் அதிகம். ஆனால் முரட்டுத்தனம்? அது மற்ற நாய்களைவிடக் குறைவு! எனக்கு அந்த ஆய்வில் மறக்க முடியாத இடம் அதுதான்.

சரி, நாம் என்ன செய்யலாம்? முதலில் கொஞ்சுவதை நிறுத்துங்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும், தெரியும். முழு வீட்டையும் சுற்றிக் காட்ட வேண்டாம். அமைதியான ஒரு மூலை போதும். நீங்கள் கொஞ்சம் தள்ளித் தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து ஏதாவது படியுங்கள். கண்ணுக்குள் பார்க்காதீர்கள், நாய்களின் வழக்கத்தில் முறைத்துப் பார்ப்பது மிரட்டல். அது உதட்டை நக்கினாலோ, தூக்கம் வராமலே கொட்டாவி விட்டாலோ, வாலை இடுக்கிக்கொண்டாலோ இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்கள்.

தின்பண்டத்தைக் கையில் நீட்டுவதும் நல்லதல்ல. பசி நாயை முன்னே இழுக்கும், பயம் பின்னே இழுக்கும். தின்றுவிட்டுத் தலை நிமிர்ந்தால் எதிரே உங்கள் முகம், பழையபடி நடுக்கம். அதற்குப் பதிலாக, பண்டத்தை நாய்க்குப் பின்பக்கம் மெதுவாக எறியுங்கள். அது விலகிப் போய்த் தின்னும், பிறகு விருப்பம் இருந்தால் திரும்பி வரும். வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது இப்போது நாய். கூண்டில் அதற்கு ஒருநாளும் கிடைக்காத வாய்ப்பு இது.

மிக்சி சத்தத்துக்கு நடுங்குகிறதா? ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் கண்டுபிடிப்பை அடிப்படையாகக் கொண்ட ஓர் உத்தி கைகொடுக்கும். தூரத்து அறையில் யாராவது ஒரு நொடி மிக்சியைச் சுற்றட்டும். உடனே ஒரு துண்டு கோழிக்கறி. மறுபடி சத்தம், மறுபடி கறி. வரிசை முக்கியம். கறியை முதலில் கொடுத்துவிட்டு மிக்சியைப் போட்டால், 'கறி வந்தால் அந்தப் பயங்கரச் சத்தம் வரும்' என்று நாய் கற்றுக்கொண்டு கறியையே ஒதுக்கிவிடும்! நாய் பதறாத தூரத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல மிக்சியை அருகே கொண்டுவர வேண்டும். வாரக்கணக்காகலாம், மாதக்கணக்கும் ஆகலாம்.

வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் திட்டாதீர்கள். படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யாதிருப்பது நாயின் இயல்பு. கூண்டு அந்த இயல்பையே கெடுத்துவிட்டது. அடிக்கடி வெளியே கூட்டிப்போய்ப் புதிதாகப் பழக்க வேண்டும். வாசல் கதவை மூடிவைப்பதில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். மிரண்டு ஓடிவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வராது, ஏனென்றால் அதற்குப் பெயரே இப்போதுதான் வைத்திருக்கிறீர்கள். வீட்டில் பயமில்லாத இன்னொரு நாய் இருந்தால் நம் வேலை பாதி குறையும். அது செய்வதைப் பார்த்துப் புது நாயும் துணியும்.

2013-இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லூசி என்ற பெண் நாயை இப்படிப்பட்ட ஒரு பண்ணையிலிருந்து மீட்டார்கள். கூண்டிலேயே கிடந்ததில் அதன் இடுப்பெலும்புகள் இறுகிப்போயிருந்தன. உடம்பில் பல இடங்களில் முடி இல்லை. அது இறந்த பிறகு, 2020 ஏப்ரலில், இங்கிலாந்தில் 'லூசி சட்டம்' நடைமுறைக்கு வந்தது. அதன்படி 6 மாதத்துக்குக் குறைந்த குட்டிகளைக் கடைகளோ தரகர்களோ விற்கக் கூடாது. வளர்ப்பவரே விற்க வேண்டும், அதுவும் குட்டியை அம்மாவோடு காட்டி. இந்தியாவிலும் 2017-இல் வந்த விதிகள் 8 வாரம் ஆகாத குட்டியை விற்கத் தடை விதிக்கின்றன. உங்கள் வீட்டில் குட்டி வாங்கப் பேச்சு எழுந்தால் விலையைக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: "இதன் அம்மா எங்கே? போய்ப் பார்க்கலாமா?"