இன்னிக்கு யார் பாடு?

தலையைக் குனிந்து வாருங்கள், மேலே சவுக்குக் கம்புகள் செருகியிருக்கின்றன. காலடியிலும் கவனம். நைலான் கயிறு, மிதவை, கிழிந்த வலைக் குவியல், யாரோ பாதி குடித்து வைத்த டீ, அதற்குப் பக்கத்தில் அசையாமல் தூங்கும் பூனை. பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் டச்சுக் கல்லறையைப் பார்ப்பார்கள், பூநாரை கண்ணில் பட்டால் படம் எடுப்பார்கள், இறால் வறுவல் சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிடுவார்கள். அந்த இறால் எங்கிருந்து, யார் முறையில் வந்தது என்பதெல்லாம் இந்த வலைக்கொட்டகைக்குள் இருக்கிறது. உள்ளே விட்டுவிட்டார்கள்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

முதலில் காதில் விழும் சொல் 'பாடு'. "இன்னிக்கு யார் பாடு?" என்று ஒருவர் கேட்க, மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்கிறார்கள். பழவேற்காடு ஏரியில் வலை கட்டுவதற்கென்று அடையாளம் வைத்த இடங்கள் உண்டு, அவற்றுக்குத்தான் பாடு என்று பெயர். கடலில் பிறந்து, குஞ்சாக ஏரிக்குள் வந்து வளர்ந்த இறால், பருவம் வந்ததும் கடலுக்குத் திரும்பும். அந்த வழியில் நீரோட்டம் நன்றாக இழுக்கிற இடம்தான் நல்ல பாடு. சில இடங்களில் ஒரே இரவில் கூடை நிரம்பும். சில இடங்களில் சேறும் பாசியும்தான் மிஞ்சும். அதனால் எந்த இடமும் எவருக்கும் நிரந்தரம் இல்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் முறைவைத்து இறங்குகின்றன. ஊருக்குள்ளே யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டு சொல்கிறது.

இந்த முறைவைப்பு எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. கிரேக்கத் தீவுகளிலும் துருக்கிக் கரையிலும் நாலைந்து குடும்பங்கள் பணம் போட்டு ஒரு பாய்ப்படகை வாங்கி, விடுமுறை வாரங்களைப் பிரித்துக்கொள்வது உண்டு. அங்கே தலைவலி ஆகஸ்ட் மாதம்தான். வெயிலும் காற்றும் கூடி வரும் அந்த வாரம் எல்லோருக்கும் வேண்டும். ஆகவே இந்த ஆண்டு உனக்கு, அடுத்த ஆண்டு எனக்கு என்று சுழற்றுகிறார்கள். இங்கே ஆகஸ்டுக்குப் பதில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிந்தைய இருட்டு இரவுகள். அவர்கள் படகைப் பங்கிட்டார்கள், இவர்கள் தண்ணீரையே பங்கிட்டிருக்கிறார்கள்! ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 1991-இல் பழவேற்காட்டு ஏற்பாட்டைப் பற்றித் தனி ஆய்வறிக்கையே வெளியிட்டது. கடல் தாண்டி, இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுவலைக்காரர்களின் சங்கங்கள் சீட்டுப் போட்டுத்தான் இடம் பிரிக்கின்றன.

சீட்டு என்றதும் பெரிய சடங்கை எதிர்பார்க்காதீர்கள். பள்ளி நோட்டுத்தாளைக் கிழித்து, சுருட்டி, ஒரு பாத்திரத்தில் போட்டுக் குலுக்குகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் சுற்றி நிற்கும் முகங்களைப் பாருங்கள். நரைத்த மீசைக்காரர் ஒருவர் கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறார். எடுத்த தாளைப் பிரித்ததும் அவர் தோளில் பத்துக் கைகள் விழுகின்றன. பக்கத்தில் நிற்பவர் தன் தாளைப் பார்த்துவிட்டு மடித்து, காதில் பீடி செருகுவதுபோலச் செருகிக்கொள்கிறார். "சேறு" என்கிறார் ஒரே சொல்லில். கொட்டகையே சிரிக்கிறது, அவரும் சேர்ந்து.

பாட்டு முறையில் பெயர் இருக்க 'தலைக்கட்டு' ஆக வேண்டும். கல்யாணம் ஆன பிறகுதான் அது. இது போதாதா இளவட்டங்களைச் சீண்ட? வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த பையனிடம் ஒரு பெரியவர், "ஏம்பா, பொண்ணு பாத்தாச்சா, இல்ல இன்னும் எங்க வலையத்தான் தச்சினு இருப்பியா?" என்று கேட்கிறார். பையன் நிமிரவில்லை. ஊசி மட்டும் வேகமாக ஓடுகிறது, காது சிவந்துவிட்டது. மச்சான் கல்யாணத்தையே பாட்டு முறை பார்த்துத் தள்ளி வைத்த கதையை இன்னொருவர் தொடங்க, அவர் மனைவி வாசலிலிருந்து, "அந்தக் கதைய இன்னும் எத்தினி பேருக்கு சொல்லுவ?" என்று குரல் கொடுக்கிறார்.

பொழுது சாய்கிறது. கம்புகள் ஒவ்வொன்றாகப் படகில் ஏறுகின்றன. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது, தூக்குவாளியில் சோறு, பாலித்தீன் பைக்குள் செல்போன், பேட்டரி விளக்கு. ஏரி பெரும்பாலும் ஆழம் இல்லாதது, பல இடங்களில் இடுப்பளவுதான். படகை இறங்கித் தள்ளி, நின்றபடியே கம்பை ஊன்றி, சுத்து வலையைக் கட்டுகிறார்கள். நான் கரையிலேயே நின்றுவிட்டேன். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததற்குப் பின் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை வந்தது. அந்தத் தடையை முழு மனதோடு மதிக்கிறேன். கரையிலிருந்து பார்த்தாலும் விளக்குகள் தள்ளித் தள்ளி நிற்பது தெரிகிறது. எந்த விளக்கு யாருடையது என்று பக்கத்தில் இருந்த பாட்டி விரல் நீட்டிப் பெயர் பெயராகச் சொன்னார்.

விடியலில் கரை வேறு ஊராகிவிடுகிறது. ஐஸ் உடைக்கும் சத்தம், தராசு, ஏலக்குரல், காகம், நாய். வெள்ளை இறால் ஒரு குவியல், நண்டு ஒரு குவியல், மடவையும் கிழங்கானும் தனித்தனி. பெண்கள் கூடையோடு முன்வரிசையில். "என்னா அண்ணே, இந்த வெல சொன்னா நான் எங்க போயி விக்கிறது?" என்று ஓர் அக்கா கேட்ட கேள்வியில் ஏலக்காரர் குரல் ஒரு படி இறங்கியது. இரவெல்லாம் தண்ணீரில் நின்றவர்களின் விரல்கள் சுருங்கி வெளுத்திருக்கின்றன. அந்த விரல்களால்தான் கணக்கும் பார்க்கிறார்கள். முதலில் டீசல், பிறகு படகுக்கும் வலைக்கும் உரிய பங்கு, மீதி ஆட்களுக்கு.

இன்னொன்றையும் பாருங்கள், கொஞ்சம் அந்தப் பக்கம். ஆழமில்லாத நீரில் இருளர் பெண்கள் பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பாட்டுச் சீட்டில் அவர்கள் பெயர் இல்லை. பட்டினவர் என்ற மீனவச் சமூகக் குடும்பங்களின் வழிவழி உரிமை அது. இத்தனை அழகான பங்கீட்டுக்கும் வெளியே நிற்பவர்கள் உண்டு என்பது என் நெஞ்சில் தைத்தது. கோடையில் முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபட்டுவிட்டால் பாடு இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே கதி. தண்ணீர் ஓடாது, இறால் வராது. ஊர்கள் வரி போட்டுப் பணம் திரட்டி மணலைத் தோண்டித் திறந்ததும் உண்டு.

காசு பிரித்து முடிந்தது. சேறு கிடைத்தவர் ஒரு சின்னக் கூடையோடு வந்து நல்ல பாட்டுக்காரர் பக்கத்தில் குந்தினார். கேட்காமலே ஒரு கை இறால் அவர் கூடைக்கு மாறியது. அவர் நன்றி சொல்லவில்லை, காலண்டரைத்தான் கேட்டார். அடுத்த அமாவாசை என்றைக்கு, அதற்குள் எத்தனை முறை சுற்றி வரும் என்று இருவரும் விரல் மடக்கி எண்ண, நாலு பேர் கூட, எண்ணிக்கை தப்பு என்று ஐந்தாமவர் கத்த, டீக்கடைக்காரர் கேட்காமலே ஏழு கிளாஸ் ஊற்றத் தொடங்கினார்.