பனித்தரையிலும் கால்தான் பேசுகிறது

2010 பிப்ரவரியில் நடந்த வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில், மெரில் டேவிஸ் - சார்லி வொயிட் என்ற அமெரிக்க ஜோடி இந்தித் திரைப்பாடல்களுக்குப் பனித்தரையில் ஆடியது. 'தேவதாஸ்' பாட்டும் அதில் உண்டு. அதற்காக மிச்சிகனில் இந்திய நடனம் கற்பித்து வந்த அனுஜா ராஜேந்திராவிடம் போய்ப் பயிற்சி பெற்றார்கள். நம் ஆட்டத்தை ஆட வேண்டுமென்றால் தெரிந்தவரிடம் கேட்டுப் பழக வேண்டும் என்ற மரியாதை அவர்களிடம் இருந்தது. அந்த ஒலிம்பிக்கில் வெள்ளி கிடைத்தது. 2014 சோச்சியில் தங்கம்.

அவர்கள் ஆடிய ஐஸ் டான்சிங் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு 'ஃப்ரீ டான்ஸ்' என்று பெயர். ஏறக்குறைய நான்கு நிமிட ஆட்டம். இசை, கதை, உடை எல்லாம் ஜோடியின் விருப்பம். ஆனால் கட்டுப்பாடுகள் ஏராளம். 'ஜோடி ஸ்கேட்டிங்' என்ற வேறு பிரிவைப் போலப் பெண்ணைத் தலைக்கு மேல் கை உயர்த்தித் தூக்க முடியாது. அந்தரத்தில் மூன்று நான்கு சுற்றுச் சுழலும் தாவல்களும் இல்லை. ஒருவரை விட்டு ஒருவர் அதிக நேரம் விலகவும் கூடாது. அதனால் திறமையெல்லாம் காலில் காட்டியாக வேண்டும். ஸ்கேட் பிளேடுக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு உண்டு. எந்த விளிம்பில் சாய்ந்து சறுக்குகிறார்கள் என்பதை நடுவர்கள் கவனிக்கிறார்கள். 'ட்விசில்' என்ற அசைவில் இருவரும் ஒற்றைக்காலில் சுழன்றுகொண்டே நகர்வார்கள். ஒருவர் அரைச் சுற்றுப் பிந்தினாலும் ஊருக்கே தெரிந்துவிடும்.

இந்தக் கட்டுக்குள் என்ன செய்யலாம் என்று காட்டியவர்கள் பிரிட்டனின் ஜேன் டோர்வில் - கிறிஸ்டோபர் டீன். 1984 சரயேவோ ஒலிம்பிக்குக்கு ராவேலின் 'பொலேரோ' இசையைத் தேர்ந்தெடுத்தார்கள். எவ்வளவு வெட்டியும் அது 4 நிமிடம் 28 விநாடிக்குக் கீழே இறங்கவில்லை. அன்றைய உச்சவரம்பு 4 நிமிடம் 10 விநாடி. விதியைப் புரட்டிப் பார்த்தபோது, பிளேடு பனியைத் தொட்டுச் சறுக்கத் தொடங்கும் நொடியிலிருந்துதான் கடிகாரம் ஓடும் என்றிருந்தது. ஆகவே முதல் 18 விநாடியை மண்டியிட்டபடியே ஆடினார்கள். கலை வெளிப்பாட்டுக்கு ஒன்பது நடுவர்களும் அன்றைய முழு மதிப்பெண்ணான 6.0 தந்தார்கள்.

இப்படிக் கட்டுக்குள் நின்று ஆடிக் காட்டுவது புதுக்கோட்டை மாவட்டத்தாருக்கு அந்நியமான சங்கதியே அல்ல. விராலிமலை முருகன் கோயிலில் ஊழியம் செய்த 32 பெண்களில் ஒருவர் முத்துக்கண்ணம்மாள். சதிர் என்ற நடனக் கலைக்காக 2022இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஆடிக்கொண்டே பாடுவது அவருடைய வழக்கம். அடவும் தாளத்தில் விழ வேண்டும், சுருதியும் விலகக் கூடாது, முகத்தில் பாவமும் குறையக் கூடாது. மூச்சை ஆளத் தெரிந்தவருக்கே அது கைகூடும். பனித்தரையில் நான்கு நிமிடம் முழு வேகத்தில் சறுக்கியும் மூச்சிரைப்பை முகத்தில் காட்டாமல் கதை சொல்லும் ஜோடியும் அதே சோதனையைத்தான் எதிர்கொள்கிறது. இலக்கணம் உடம்பில் ஊறிய பிறகே அங்கும் இங்கும் ஆட்டத்துக்கு உயிர் வருகிறது.

சதிர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஃப்ரீ டான்ஸை எடைபோடத் தனிப்பாடம் தேவையில்லை. அடுத்த முறை தொலைக்காட்சியில் வந்தால், பளபளக்கும் உடையையும் தூக்கல்களையும் சற்று ஒதுக்கிவிட்டு, முதல் ஒரு நிமிடம் கால்களை மட்டும் பாருங்கள். நல்ல ஜோடி எது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.