புல்லே ஷாவும் ஒரு கிட்டாரும்: ரப்பி ஷேர்கில் என்ற தில்லிப் பாடகர்

பாட்டு என்றதும் நம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சினிமாப் பாட்டு. அதை விட்டால் சபா கச்சேரி. இந்த இரண்டுக்கும் வெளியே, தானே எழுதி, தானே மெட்டமைத்து, கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தானே பாடுகிற ஒரு வழி உலகின் பல மொழிகளில் உண்டு. அமெரிக்காவின் பாப் டிலன் இவ்வழியில் வந்தவர். 2016இல் அவருக்கு இலக்கிய நோபல் பரிசே கிடைத்தது. அல்ஜீரியாவில் பிறந்து 1999இல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்த ஸுவாத் மாஸி அரபு மொழியில் இப்படிப் பாடுகிறார். நாம் குடியிருக்கும் இந்தத் தில்லியில் பஞ்சாபி மொழிக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். அவர்தான் ரப்பி ஷேர்கில். அவருடைய பாதையில் நம்ம குடும்பங்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது என்பது என் எண்ணம்.

1973இல் பிறந்தவர் ரப்பி. தந்தை சீக்கிய சமயப் பிரசாரகர். தாயார் கல்லூரி முதல்வர், பஞ்சாபிக் கவிஞரும்கூட. தமக்கை ககன் கில் பெயர்பெற்ற இந்திக் கவிஞர். ஆக, வீட்டில் மொழிக்குப் பஞ்சமில்லை. வெளியே தெருவிலும் கல்லூரியிலும் இந்தியும் ஆங்கிலமும்தான். 1988இல் ஆம்னஸ்டி அமைப்புக்காக ஜவாஹர்லால் நேரு அரங்கில் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் முதலியோர் பாடினார்கள். மாணவராக இருந்த ரப்பி அந்த நிகழ்ச்சியைக் கேட்டு ராக் இசைப் பக்கம் திரும்பினார். பிறகு 'காஃபிர்' என்று ஒரு குழு அமைத்தார். விளம்பரங்களுக்கும் சிறு பாட்டுகள் போட்டுக் கொடுத்தார்.

அவர் பாடுவதை ஃபோக் ராக் என்பார்கள். சொல்லும் மெட்டும் மண்ணிலிருந்து வரும். கிட்டார், டிரம்ஸ் போன்ற மேற்கத்திய வாத்தியங்கள் அதைத் தாங்கும். இதில் சொல்தான் எஜமான், வாத்தியம் பின்னால் வரும். அவருக்குப் புகழ் தேடித் தந்த 'புல்லா கீ ஜாணா' பாட்டின் வரிகள் அவர் எழுதியவை அல்ல. லாகூரை அடுத்த கசூரில் வாழ்ந்த சூஃபி ஞானி புல்லே ஷா (1680–1757) இயற்றிய காஃபி அது. காஃபி என்பது நம்ம பல்லவி மாதிரி, ஒரே அடிக்குத் திரும்பத் திரும்ப வந்து சேரும் பாட்டு வகை. மதம், ஊர், குலம் என்று மனிதன் மாட்டிக்கொண்டிருக்கும் அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு, மிச்சம் இருக்கும் 'நான்' யார் என்று கேட்கிறது. சித்தர் பாடல்களில் பழகிய காதுக்கு இது புதிதல்ல. தொண்டிப் பக்கம் குணங்குடியில் பிறந்து சென்னை இராயபுரத்தில் அடங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபு பாடியதும் ஏறக்குறைய இந்தப் பாதையில்தான்.

ஆல்பம் வெளிவருவதற்குள் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1990களின் நடுவில் அலிஷா சினாய், தலேர் மெஹந்தி போன்றோரின் சினிமா சாராத ஆல்பங்கள் சக்கைப்போடு போட்டன. சில வருஷங்களில் அந்த அலை ஓய்ந்துவிட்டது. ரப்பியோடு ஒப்பந்தம் செய்திருந்த தெஹல்கா நிறுவனம், 2001இல் பாதுகாப்புத் துறை ஊழலை அம்பலப்படுத்திய பின் நெருக்கடியில் சிக்கியது. அந்த ஒப்பந்தமும் போயிற்று. கடைசியில் 2004இல் ஃபாட் ஃபிஷ் என்ற சிறு நிறுவனம் 'ரப்பி' ஆல்பத்தை வெளியிட்டது. அதில் அவர் சொந்தமாக எழுதிய பாட்டுகளோடு, 1973இல் மறைந்த கவிஞர் சிவ் குமார் படால்வியின் கவிதை ஒன்றும் இடம்பெற்றது. பாங்ரா ஆட்டம் இல்லை, படக் காட்சி இல்லை. ஆனாலும் பஞ்சாபி ஒரு வார்த்தை தெரியாதவர்கள்கூட அதை முணுமுணுத்தார்கள். கேட்பவர்களுக்குப் புரியவேண்டுமே என்று அவர் மொழியை இந்தியாக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

இந்தச் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. அவருடைய அடுத்த ஆல்பங்கள் 2008இலும் 2012இலும்தான் வந்தன. எட்டு வருஷத்தில் மூன்றே ஆல்பம்! சினிமாவில் தயாரிப்பாளர் முதல் போடுவார், நட்சத்திரம் விளம்பரம் தருவார். தனிக் கலைஞனுக்கோ ஒலிப்பதிவுச் செலவு முதல் மேடை தேடுவது வரை எல்லாம் தன் தலையில். சினிமாவை அவர் அடியோடு ஒதுக்கவும் இல்லை. 'டெல்லி ஹைட்ஸ்' (2007) படத்துக்கு இசையமைத்தார். நம்ம ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 'ஜப் தக் ஹை ஜான்' (2012), 'ராஞ்சணா' (2013) படங்களில் பாடினார்.

அந்த விலை கொடுத்து அவர் வாங்கியது என்ன? 2008 ஆல்பத்தில் உள்ள 'பில்கிஸ்' பாட்டு அதற்குப் பதில். குஜராத் கலவரத்தில் கொடுமைக்கு ஆளான பில்கிஸ் பானு, நெடுஞ்சாலைத் துறை ஊழலைச் சொன்னதால் 2003இல் கயாவில் கொல்லப்பட்ட பொறியாளர் சத்யேந்திர துபே, ஆதிவாசி நிலங்களுக்காகப் போராடிக் கொல்லப்பட்ட நவ்லீன் குமார், கலப்பட எண்ணெயைத் தட்டிக்கேட்டு 2005இல் லக்கிம்பூர் கேரியில் உயிரிழந்த இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத் ஆகிய நால்வரையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது அந்தப் பாட்டு. மஞ்சுநாத் கோலார் தங்கவயல் பையன். எந்த சினிமாக் கதை இப்படி ஒரு பாட்டைக் கேட்கும்? பில்கிஸ் வழக்கின் குற்றவாளிகள் 2022இல் விடுவிக்கப்பட்டு, 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தபோது, பதினாறு வருஷத்துக்கு முந்தைய பாட்டு பழசாகத் தோன்றவில்லை.

இனி நம்ம கதைக்கு வருவோம். தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் இருக்கின்றன. தமிழ்ச் சங்கம் இருக்கிறது. திருக்குறள் போட்டி நடத்துகிறோம், பரிசும் கொடுக்கிறோம். பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள், மேடையை விட்டு இறங்கியதும் இந்தியில் பேசுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. மனசில் உள்ளதைத் தமிழில் சொல்ல நாம் எத்தனை வாய்ப்பு கொடுத்தோம்? ரப்பிக்குப் பஞ்சாபி மனப்பாடப் பொருளாக மட்டும் வரவில்லை. கோபத்துக்கும் காதலுக்கும் கேள்விக்கும் உரிய மொழியாக வந்தது. தமிழிலும் இது நடக்கக்கூடியதே. 2018இல் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவும், 2021இல் உலகமெல்லாம் கேட்ட 'என்ஜாய் எஞ்சாமி'யும் எந்தப் படத்துக்காகவும் உருவானவை அல்ல.

நம்ம வீட்டுப் பிள்ளைகள் பலர் கிட்டார் கற்கிறார்கள். அடுத்த ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டு நடனங்களுக்கு நடுவே அவர்களுக்கு ஒரு கால்மணி நேரம் ஒதுக்கலாமே. மஸ்தான் சாகிபையோ சிவவாக்கியரையோ தங்கள் மெட்டில் பாடட்டும். சொந்தமாக நாலு வரி எழுதினால் இன்னும் நல்லது. உச்சரிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பெரியவர்கள் நாம் பொறுமையாகக் கேட்போம்.