ரயிலுக்கு முன்னால் மென்பொருளை ஓட விடுவது ஏன்?

எம்ஆர்டியில் ஏறியதும் நம் கண் கைத்தொலைபேசிக்குப் போய்விடும். முன்னால் இன்னொரு ரயில் நிற்குமோன்னு நாம் யோசிப்பதில்லை. அதைக் கவனிப்பது சமிக்ஞை மென்பொருள்.

2017 நவம்பர் 15, சிங்கப்பூரின் ஜூ கூன் நிலையம். அங்கு நின்றிருந்த ரயில்மீது பின்னால் இருந்த ரயில் மோதியது. 30க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். நின்றது 6 பெட்டி ரயில். பின்னால் இருந்த ரயிலின் கட்டமைப்போ அதை 3 பெட்டியாகக் கணக்கிட்டது. பழைய சமிக்ஞை முறையிலிருந்து புதியதுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது.

இத்தகைய பிழைகளை முன்கூட்டியே தேட ஒரு வழி, கணினியில் இயங்கும் மாதிரி. முழு மென்பொருளையும் எழுதும் முன்பே, அது எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பதை மாதிரியாக்கி ஓட்டிப் பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு சூழ்நிலையாகக் கொடுப்பார்கள்.

முன்னால் உள்ள ரயிலைப் பற்றிய தகவல் திடீர்னு தொலைந்துபோனா?

சரியான பதில்: பின்னால் வரும் ரயில் நிற்கணும். மாதிரியில் அது நகர்ந்தால், வடிவமைப்பிலேயே கோளாறு. திரையில் மோதினால் யாருக்கும் அடிபடாது; திருத்தவும் நேரம் இருக்கும்.

ஆனா ஒன்று. கேட்ட கேள்விக்குத்தான் மாதிரி பதில் சொல்லும். அதனால் நிரல் எழுதுபவர்கள் மட்டும் கேட்டால் போதாது. ரயில் ஓட்டுநரும் பராமரிப்பு ஊழியரும் உட்கார்ந்து, “இப்படி நடந்தா என்ன செய்யும்?” என்று கேட்கவேண்டும்.